ஒரே தொண்டைக்கு ரெண்டு ட்ரிப்

அன்று காலையில் டைம் கீப்பருக்கு இருந்த பெருமையை ஒரு பஸ்ஸில் ஏற்றியிருந்தால் படியில் நாலு பேர் தொங்கியிருப்பார்கள்.

இருக்காதா பின்னே? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பஸ் டெப்போவில் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிக்கொண்டிருந்த மனிதர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? மனைவியின் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு, இனிமேல் உன் மேனேஜர் நான்தான் என்று அறிவித்துவிட்டார். அவள் சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. இதெல்லாம் போன வாரத்துக் கதை.

அதே கையோடு அவளுக்கு ஒரு டிவி தொடரில் நீதிபதி வேஷமும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் ஜட்ஜம்மா. பெயர் வைத்தவள் கல்லூரியில் படிக்கும் மகள்.

ஜட்ஜம்மாவின் முகத்தைத் தெருவில் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். லிஃப்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்பவள் அவள்தான். பேங்குக்குப் போன் போட்டால் "சற்று காத்திருங்கள்" என்பவளும் அவள்தான். கார்ட்டூனில் வாலாட்டிப் பேசும் அணில் அவள். எத்தனையோ கதாநாயகிகள் வாயசைக்க, உள்ளேயிருந்து அழுததும் சிரித்ததும் அவள். திரையில் அவள் முகம் வந்ததெல்லாம் "டாக்டர் உள்ளே இருக்கார்" என்கிற மாதிரி ஒற்றை வரிக்குத்தான். அதையும் அவள் ஒருநாளும் சின்ன வேலை என்று தள்ளியதில்லை. அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியதுதான் இந்தப் பிழைப்பு.

இப்போது முதல்முறையாக ஒரு முழுப் பக்கத் தீர்ப்பு. அவள் முகம், அவள் குரல், இரண்டும் சேர்ந்து.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்று எடுப்பது நாளைக் காலையே எடிட்டிங்குக்குப் போகிறது. பிறகு நிதானமாக டப்பிங் பேசிக்கொள்ள நேரம் கிடையாது. படப்பிடிப்பில் பேசும்போதே குரல் பதிவாகிவிடும். அது சரியில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு குரல் கலைஞரை வைத்துப் பேசவைத்துக்கொள்வோம் என்று டைரக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஊரில் உள்ள முகங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவளின் முகத்துக்கு, இன்னொருத்தியின் குரல். அதை நினைத்தாலே தனக்கு என்னமோ செய்கிறது என்று ஜட்ஜம்மா முந்தாநாள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது டைம் கீப்பர் காதிலும் விழுந்தது.

விழுந்து என்ன செய்ய? நேற்று ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்ததும், மனிதர் யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். மேனேஜராக அவர் போட்ட முதல் புக்கிங்.

காலையில் அடுப்படியில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். மத்தியானம் ஷூட்டிங். காலையில் சும்மாதானே இருக்கப் போகிறாள்? கேம் ஸ்டூடியோவும் ஷூட்டிங் நடக்கிற அதே தெரு. ஒரு வண்டி ஷெட்டில் சும்மா நிற்பதை அவர் என்றைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்?

"என்ன மாதிரி வேலைன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

"வசனமே இல்லையாம். சும்மா கத்தினா போதுமாம். மனப்பாடம் பண்ற தொல்லைகூட இல்ல."

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. கணவரின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு ஃபிளாஸ்க்கையும் எடுத்து நிரப்பினாள். வெயில் காலத்தில் எதற்கு ரெண்டு ஃபிளாஸ்க் என்று டைம் கீப்பருக்குத் தோன்றியது. கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டூடியோ வாசலிலேயே அவருடைய சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிலுகிலுவென்று சத்தம் வருமாம். தலையணை கனத்துக்கு ஒரு கதவு, சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் மைக் முன்னால் ஜட்ஜம்மா, இந்தப் பக்கம் கேம் டைரக்டரும் ஒலிப்பதிவாளரும். ஓரமாக ஒரு நாற்காலியில் நம்ம மேனேஜர்.

இத்தனை வருஷத்தில் மனைவி வேலை செய்வதை அவர் பார்ப்பது இதுதான் முதல்முறை. டெப்போவில் ஷிஃப்ட் விட்டால் வீடு, வீடு விட்டால் ஷிஃப்ட் என்று ஓடியவருக்கு நேரம் எங்கே இருந்தது?

கேமில் அவள் ஒரு படைத்தலைவி. ஆடுகிறவர்கள் தோற்கும்போதெல்லாம் படைத்தலைவி செத்துப்போவாள். விதவிதமாகச் சாவாள். அத்தனை சாவுக்கும் சத்தம் வேண்டும்.

முதலில் மலையுச்சியிலிருந்து விழுந்தாள். நின்ற இடத்தில் நின்றபடிதான், ஆனால் குரல் மட்டும் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. டைம் கீப்பர் தன்னை அறியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து கத்திக்குத்து. அடுத்து விஷம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். டீ கொண்டுவந்து கொடுத்தவரிடம், உள்ளே இருக்கிறது என் சம்சாரம் என்று இவர் சொல்லிவைத்தார். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

பிறகு தீயில் எரிந்தாள்.

இவர் எழுந்தே நின்றுவிட்டார். கேம் டைரக்டர் சிரித்து, உட்காருங்க சார், மேடம் நல்லாத்தான் இருக்காங்க என்றார். இன்னொரு தடவை எரியச் சொன்னார். இன்னும் கொஞ்சம் நீளமாக. பிறகு இன்னும் கொஞ்சம் உயரமாக. ஜட்ஜம்மா முகம் கோணாமல் எரிந்து காட்டினாள். போதுமா என்று அவள் மைக்கில் கேட்டபோது, அந்த வார்த்தை ஒழுங்காக வரவில்லை. மணலில் இழுத்த செருப்பு மாதிரி வந்தது.

அப்போதுதான் இவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தார். மகள்.

அம்மா ஏன் போன் எடுக்கவில்லை என்றாள். உள்ளே கத்திக்கொண்டிருக்கிறாள் என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார்.

"கத்தறாங்களா? இன்னைக்கா? மத்தியானம் தீர்ப்பு சீன் இருக்கேப்பா."

"அதனால என்ன? ரெண்டும் ஒரே தெருதான்."

"அப்பா, கத்தற வேலைக்குப் போய்ட்டு வந்தா அம்மா ரெண்டு நாள் பேச மாட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாம? கோவமா இருப்பா."

"கோவமாவா?" என்றாள் மகள். "அது கோவம் இல்லப்பா. தொண்டை."

டைம் கீப்பர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது. மனைவி வாய் திறக்காமல் சைகையிலேயே குடும்பம் நடத்திய நாட்களிலெல்லாம், நாம்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று நினைத்து, ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஐஸ்கிரீம் வாங்கி வருவார். அவளும் தலையாட்டி வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பாள். புண்ணான தொண்டைக்கு ஐஸ்கிரீம் கொடுத்த ஒரே புருஷன் உலகத்தில் இவராகத்தான் இருப்பார். அத்தனையையும் தின்று தீர்த்தது மகள் என்பது இன்றைக்கு இந்தப் போனில்தான் வெளியே வந்தது. அதற்கு அவள் வருத்தப்படுகிற மாதிரியும் தெரியவில்லை.

"அப்ப காலையிலயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க முதல் முதலா புக் பண்ணதுப்பா. எப்படிச் சொல்வாங்க?"

அவருக்கு ரெண்டாவது ஃபிளாஸ்க் எதற்கு என்று இப்போது புரிந்தது. இவர் மனசு நோகக்கூடாது என்று, இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த குரலை அவள் அந்தக் கண்ணாடிக்குள் நின்று எரித்துக்கொண்டிருக்கிறாள். தொண்டையைப் பஸ் என்று நினைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டெப்போவில் ஒரு ட்ரிப்பை ரத்து செய்வது என்றால் இவருக்கு உயிர் போகிற சமாச்சாரம். மழையோ வெள்ளமோ, வண்டியை எப்படியாவது அனுப்பிவைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அந்த மனிதர் விடுவிடுவென்று உள்ளே போனார். அவள் ஹெட்ஃபோனில் கேட்கிற மாதிரி பேச எந்த பட்டன் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதை அழுத்தினார்.

"போதும்மா. இந்த ட்ரிப் கேன்சல். வெளிய வா."

கேம் டைரக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் பாதி இருக்கிறதே என்றார். மீதியை அடுத்த வாரம் வந்து முடித்துக் கொடுப்பாள், தப்பு என்னுடையது, ஒரே நாளில் ரெண்டு வேலையைப் போட்டது நான்தான் என்று இவர் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த வாரம்வரை கம்பெனி காத்திருக்காது, வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் அவர். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் டைம் கீப்பர்.

ஜட்ஜம்மா வெளியே வந்தாள். கேம் டைரக்டரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். வராந்தாவுக்கு வந்தாள். வந்ததும் நின்றாள்.

"இத்தனை வருஷத்துல பாதி வேலையில நான் எழுந்து வந்ததே இல்லைங்க. என்னைவிட நல்லா நடிக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. சொன்னா வருவா, வந்தா முடிச்சுக் கொடுப்பா. அதுக்காகத்தான் என்னைக் கூப்பிடறாங்க. அந்தப் பேரைத்தான் நீங்க இப்ப கேன்சல் பண்ணினீங்க."

ஒவ்வொரு வார்த்தையும் கரகரத்தது. டைம் கீப்பருக்குச் சமாதானம் சொல்ல நிறைய இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் உதட்டில் விரலை மட்டும் வைத்துக் காட்டினார். இனி பேசாதே. அவள் வாயை மூடிக்கொண்டாள். இது தொண்டையும்தான், கோபமும்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

அதே தெருவில் இருவரும் நடந்தார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால்.

படப்பிடிப்புத் தளத்தில் கோர்ட்டு ரெடியாக இருந்தது. கூண்டு, மேஜை, உயரமான நாற்காலி. கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு ஜட்ஜம்மா வெளியே வந்ததும் டைம் கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். கோர்ட்டில் அப்படித்தானே நிற்க வேண்டும்? அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

உதவி டைரக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ என்கிற மாதிரி முகம். முதல் ஷாட்டே தீர்ப்புதான் என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஜட்ஜம்மா போனை எடுத்து எதையோ தட்டி, கணவர் கையில் திணித்தாள். அதில் இருந்தது இதுதான்: "நான் மத்தவங்க பேசறதைக் கேக்கற ஷாட்டெல்லாம் முதல்ல எடுக்கச் சொல்லுங்க. தீர்ப்பு கடைசியில. கேமராவும் லைட்டும் என் பக்கமேதான் இருக்கும், அவங்களுக்கு நஷ்டமில்ல."

நாலு மணிநேர ஓய்வுக்கு அவள் கண்டுபிடித்த வழி. கேட்டு வாங்க வேண்டியது மேனேஜர்.

இவர் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தார். ஆர்டிஸ்ட்டுக்கு மூட் சரியில்லை, அது இது என்று கதை விட இவருக்கு வரவில்லை. காலையில் தான் செய்த கூத்தை அப்படியே சொன்னார், ஐஸ்கிரீம் உட்பட. அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டைரக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, எல்லா மேனேஜரும் ஆர்டிஸ்ட் மேலே பழியைப் போடுவாங்க சார், நீங்கதான் உங்க மேலேயே போட்டுக்கறீங்க என்றாள். தீர்ப்பு கடைசிக்குப் போனது.

கேட்கிற ஷாட் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தார் டைம் கீப்பர். கதைப்படி, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நின்று அழுகிறாள். அந்த நடிகை அன்றைக்கு வரவே இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி டைரக்டர் பெண்தான் வசனத்தைக் கடகடவென்று படித்தாள், ரேஷன் அட்டையைப் படிக்கிற மாதிரி. அந்தப் படிப்புக்கு ஜட்ஜம்மாவின் கண் மெல்ல மெல்லக் கலங்கியது. கலங்கியும் நீர் கீழே விழவில்லை. நீதிபதி அழக்கூடாதே என்று உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே அத்தனையையும் சொன்னாள்.

டைம் கீப்பர் பக்கத்தில் நின்ற லைட்மேனின் கையைத் தொட்டார். "என் மனைவி" என்றார்.

"தெரியும் சார். இதோட எத்தனை தடவை சொல்வீங்க?" என்றார் லைட்மேன்.

ஷாட்டுக்கு ஷாட் நடுவில் அவள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து, வெந்நீர் ஆவியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். யார் பேச வந்தாலும் இவர் குறுக்கே போய் நின்றார். மேக்கப்காரரிடம் தானே பேசினார். டைரக்டர் கேட்ட கேள்விக்குக்கூட அவள் சைகையைப் பார்த்து இவர் பதில் சொன்னார். இத்தனை வருஷ சைகைக் குடும்பம் வீண் போகவில்லை.

கடைசியாகத் தீர்ப்பு வந்தது.

தளம் அடங்கியது. மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். ஜட்ஜம்மா ஆரம்பித்தாள். நாலு வரி நன்றாகத்தான் போனது. ஐந்தாவது வரியில், குரல் உயர வேண்டிய இடத்தில் கிழிந்தது. எல்லோருக்கும் கேட்டது. டைரக்டர் கட் சொன்னார். ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

டைம் கீப்பருக்கு, வேறொருத்தியின் குரல் அவள் வாயிலிருந்து வருவதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல அப்போதே தெரிந்தது.

ஜட்ஜம்மா பதறவில்லை. ஒலிப்பதிவாளரை அழைத்து, மைக்கை இன்னும் ஒரு சாண் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள். டைரக்டரைப் பார்த்து இன்னொரு தடவை என்று விரலை உயர்த்தினாள்.

இந்த முறை அவள் குரலை உயர்த்தவே இல்லை. எங்கே உயர வேண்டுமோ அங்கே இறக்கினாள். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, குற்றவாளிக் கூண்டைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். தளத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்பதற்காக ஒரு அடி முன்னால் குனிந்தார்கள். கூண்டில் நின்ற நடிகர் நிஜமாகவே எச்சில் விழுங்கினார். இல்லாத குரலை அவள் தேடிப் போகவில்லை, இருக்கிற குரலை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய கூடத்தை ஆண்டாள். கடைசி வார்த்தைவரை கரகரப்பு எட்டிப்பார்க்கவில்லை.

டைரக்டர் ஓகே சொன்னார். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். யாருடைய குரலும் வேண்டாம், இதுவே போகும் என்றார்.

டைம் கீப்பர் அழுதுவிட்டார். அழுததை மறைக்கவும் இல்லை. லைட்மேன் இந்த முறை தானாகவே, "உங்க மனைவி சார்" என்றார்.

திரும்பும்போது வாடகைக் காரின் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜம்மா பேசவில்லை. ஆனால் அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஃபிளாஸ்க் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு.

போன் அடித்தது. கேம் டைரக்டர். வேறு ஆள் போட்டாச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

"சார், கம்பெனிக்காரங்க காலையில பதிவானதைக் கேட்டாங்க. மேடம் குரல்தான் வேணும்னு ஒரே பிடியா நிக்கறாங்க" என்றார் அவர். "ஆனா மீதிக்கு அவங்க வர வேண்டாம். எடுத்த வரைக்கும் வெச்சு மேடம் குரலை அப்படியே கத்துக்கிட்டு மெஷினே மீதியைக் கத்திடும். இது மட்டுமில்ல, இனி வர்ற எல்லா கேமுக்கும். மேடம் தொண்டைக்கும் கஷ்டமில்ல. மேனேஜர் நீங்க, சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இனிமேல் அவள் எரிய வேண்டாம். விழ வேண்டாம். ரெண்டு நாள் ஊமையாக இருக்க வேண்டாம். டைம் கீப்பரின் நாக்கு நுனிவரை அந்தச் சரி வந்துவிட்டது. நேற்றைக்கு இருந்த மனிதராக இருந்தால் சொல்லியும் இருப்பார், வண்டி தானாக ஓடும் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஒரு நிமிஷம் இருங்க என்று போனைக் கையால் பொத்திக்கொண்டார். மனைவி பக்கம் திரும்பி, கேட்டதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். தனக்கு ஆசையாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"ஆனா இதுக்கு நான் பதில் சொல்ல முடியாதும்மா. குரல் உன்னோடது. என்ன சொல்லட்டும்?"

ஜட்ஜம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்க்கவில்லை. பிறகு, மத்தியானத்திலிருந்து தீர்ப்பைத் தவிர ஒரு வார்த்தையும் செலவு பண்ணாதவள், கையை நீட்டினாள்.

"குடுங்க" என்றாள். "இதுக்கு நானே பேசறேன்."

டைம் கீப்பர் போனை அவள் கையில் கொடுத்தார்.